எண்ணெயில் விழுந்த விளம்பரங்கள்

மதியம் இரண்டு மணி ஐம்பது நிமிடம். பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஓர் எவர்சில்வர் கிண்ணம். கடைசித் தடுப்பில், கணினித் திரைக்கு நேர் கீழே, கீபோர்டை ஓரமாகத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் அதை வைத்திருந்தார்கள். விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை நல்லெண்ணெய். எண்ணெயில் கூரையின் டியூப்லைட் தெரிந்தது.

கிண்ணத்துக்கு உரியவர் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். முப்பதை நெருங்கும் வயது. வெளிர்நீலத் தொழிற்சாலைச் சட்டை. அடையாள அட்டையைச் சட்டைப்பைக்குள் போட்டிருந்தார். முதல் ஷிப்ட் முடிந்து நேராக வருகிறவர்களிடம் அடிக்கும், இயந்திரத்தைக் குளிர்விக்கும் கூலண்ட் வாடை அவரிடமும் இருந்தது. பணம் கொடுத்து உட்கார்ந்த கணினிக்கு ஒருவர் முதுகைக் காட்டி இருப்பதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

ஓசூருக்கு பிராட்பேண்ட் வந்து ஒரு வருடம்கூட ஆகாத காலம் அது. நான் ஒரு நாளிதழின் பகுதிநேர நிருபர். கெலமங்கலத்தில் சாலை மறியல், ராயக்கோட்டையில் தக்காளி விலை, சானமாவுப் பக்கம் யானை இறங்கியது என்று கிடைத்ததை எழுதி, நான்கு மணிக்குள் மின்னஞ்சலில் அனுப்பிவிட வேண்டும். பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் இருந்த இந்தக் கடைதான் என் அலுவலகம். ஒட்டுப்பலகையில் தடுத்த சின்னச் சின்ன அறைகள், அறைக்கு ஒரு கணினி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கடையை நடத்திய அம்மாளுக்கு வீட்டு மொழி கன்னடம். எங்களிடம் தமிழ், பால்காரரிடம் தெலுங்கு. எல்லோரும் மேடம் என்று கூப்பிடுவோம். அவர் என்னைப் பேப்பர் சார் என்பார்.

“உள்ள என்ன விசேஷம், மேடம்?”

“நீங்களே கேளுங்க பேப்பர் சார். கேட்டுக் கேட்டு எனக்குத் தலையே சுத்துது. எண்ணெ மட்டும் கீழ சிந்துச்சு, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்.”

பக்கத்துத் தடுப்பின் மேலாக ஒரு தலை எட்டிப் பார்த்தது. ராயக்கோட்டைத் தக்காளி மண்டிக்காரர். ஓசூருக்கு வரும்போதெல்லாம் இங்கே வந்து கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பார்.

“எண்ணெ அவரு கொண்டாந்துட்டாரு. தக்காளி என்னுது. கடுகு மட்டும் நீங்க வாங்கியாந்தா தாளிச்சிரலாம் சார்.”

கிண்ணத்துக்காரர் சிரிக்கவில்லை. நான் பக்கத்தில் போனதும் திரும்பாமலே பேசினார். பேச்சிலேயே தெற்குச் சீமை தெரிந்தது.

“பொம்பளப் புள்ள பொறந்திருக்கு அண்ணாச்சி. இன்னைக்கு நாப்பத்தஞ்சு நாள் ஊசி. நான் இன்னும் மொகத்தப் பாக்கல.”

விஷயம் இதுதான். ஊர் தென்காசிப் பக்கம். முதல் பிரசவத்துக்கு மனைவி தாய்வீடு போயிருந்தார். இவர் தொழிற்சாலையில் இன்னும் பயிற்சி ஊழியர். அடுத்த மாதம் நிரந்தரம் செய்வதாக இருந்தார்கள், இடையில் விடுப்பு எடுத்தால் பயிற்சிக் காலம் நீளும். அதனால் போகவில்லை. அன்று புதன்கிழமை. ஊசி போடக் குழந்தையை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு எதிரே கேமரா வைத்த ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. இவர் ஷிப்ட் முடித்து வரும்வரை அங்கே காத்திருந்து, மூன்று மணிக்கு மெசஞ்சரில் குழந்தையைக் காட்டுவதாக ஏற்பாடு. மூன்றரைக்குக் கிராமத்துப் பேருந்து. அதை விட்டால் அடுத்தது இருட்டிய பிறகுதான். ஊசி போட்ட பிள்ளை, காய்ச்சல் வரும்.

“அது சரி. எண்ணெ எதுக்கு?”

“நட்சத்திரம் தகப்பனுக்கு ஆகாதாம். சித்திரை அப்பன் தெருவிலேன்னு எங்க அத்தை ஒத்தக் கால்ல நிக்காவ. மொத மொதல்ல எண்ணெயிலதான் பாக்கணும். பொறவு நேரா பாத்துக்கிடலாமாம்.”

“கம்ப்யூட்டர்ல பாத்தாலுமா?”

“அதத்தான் நானும் கேட்டேன் அண்ணாச்சி. எதுல பாத்தா என்ன மாப்ள, மொகம் மொகந்தானேன்னுட்டாவ.”

மேடம் யோசித்துப் பார்த்துவிட்டு, “அதுவும் சரிதான்” என்றார்.

குழந்தை எந்த நேரமும் திரையில் வந்துவிடலாம் என்றுதான் அவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். முதுகுக்குப் பின்னால் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது அவருக்குத் தெரியாது. நான் பார்த்தேன். திரையில் மெசஞ்சரே தெரியவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாகச் சின்ன ஜன்னல்கள். ஒன்று சிவப்பும் மஞ்சளுமாக மின்னி, பத்து லட்சமாவது பார்வையாளர் நீங்கள்தான் என்றது. ஒன்று, உங்கள் கணினிக்கு ஆபத்து என்று அலறியது. ஒன்றில் ஒரு குரங்கு இங்கும் அங்கும் ஓடியது, அதைக் குத்தினால் பரிசாம். அந்த நாட்களில் இணையத்தில் எதைத் திறந்தாலும் இப்படி ஒன்றிரண்டு கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும். மூடிவிட்டு வேலையைப் பார்ப்போம். இவ்வளவு கூட்டமாக நான் பார்த்ததில்லை.

“இதுல எதையாவது அமுக்குனீங்களா?”

“வந்ததுக்கெல்லாம் ஓகே அடிச்சேன்.”

“எல்லாத்துக்குமா?” மேடம் கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டபடி கல்லாவை விட்டு எழுந்து வந்தார். “ஐயோ தேவரே! என்னாத்துக்குப்பா ஓகே அடிச்ச?”

“அலாரம் வந்தா அக்னாலெட்ஜ் பண்ணாம எப்பிடி மேடம் விட முடியும்?”

அவர் கேலியாகச் சொல்லவில்லை. தொழிற்சாலையில் அவர் ஓட்டியது கணினி வைத்த கடைசல் இயந்திரம். அதன் திரையில் எச்சரிக்கை வந்தால் படித்துப் பார்த்து, பார்த்தேன் என்பதற்கு அடையாளமாகப் பொத்தானை அழுத்த வேண்டும். அப்போதுதான் அடுத்த சுற்று ஓடும். அழுத்தாமல் தாண்டியவன் லைன் இன்சார்ஜ் முன் போய் நிற்க வேண்டும். அந்தப் பழக்கத்தில், ‘உங்கள் கணினியில் ஆபத்து’ என்று வந்ததையும், ‘பரிசு வேண்டுமா’ என்று வந்ததையும், ஒரு கருவியை நிறுவட்டுமா என்று கேட்டதையும் ஒவ்வொன்றாகப் படித்து, பொறுப்பாக ஓகே கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு ஓகேக்கும் இரண்டு புதிதாக வந்திருக்கின்றன. அவற்றுக்கும் கொடுத்திருக்கிறார்.

“வேற கம்ப்யூட்டர் குடுங்க மேடம்” என்றேன்.

“கேமரா இதுல மட்டும்தான் சார். மெசஞ்சர் ஒழுங்கா ஓடுறதும் இதுலதான்.”

மூன்று மணியாகச் சில நிமிடங்களே இருந்தன. கணினியை அணைத்து மறுபடி போட்டோம். அது தன் இஷ்டத்துக்கு மெதுவாக எழுந்து வந்தது. மெசஞ்சரைத் திறந்ததும் குரங்கும் கூடவே வந்தது. ஓகே கொடுத்து உள்ளே விட்டது எதுவோ கணினியின் வட்டுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டுவிட்டது.

அவரால் திரையைப் பார்க்க முடியாது. பார்க்காமல் மவுஸைப் பிடிக்க முடியாது. யாராவது ஒருவர் பக்கத்தில் இருந்து ஜன்னல்களை மூடிக்கொண்டே இருக்க வேண்டும். செய்தி எழுதிய தாளைச் சட்டைப்பையில் செருகிவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

“நான் மூடுறேன். நீங்க கிண்ணத்த மட்டும் பாருங்க.”

“குனிஞ்சுக்கிட்டேன் அண்ணாச்சி.” குனிந்த தலையோடு நாற்காலியைத் திருப்பிக் கிண்ணத்தின் மேல் கவிந்துகொண்டார்.

டியூப்லைட் எண்ணெயில் கண்ணைக் குத்தியது. மேடம் விளக்கை அணைத்தார். வாசல் பக்கத் திரையையும் இழுத்து விட்டார். “ஸ்கோர் பாக்கவாச்சும் வெளிச்சம் விடுங்கம்மா” என்றார் மண்டிக்காரர். ஆனால் தன் தடுப்பில் உட்காராமல் எங்கள் பின்னால் வந்து நின்றுகொண்டார். மேடம் ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு, கல்லாவிலிருந்த இரண்டு ஸ்பீக்கர்களைக் கொண்டுவந்து செருகினார். அடுத்த நொடி கடை முழுக்கக் குரல் வந்தது.

“என்னங்க, கேக்குதா? நாங்க வந்துட்டோம்.”

அவருடைய மனைவி. பின்னால் பேருந்து ஹாரன்களும், யாரோ ஊசி அட்டையைப் பத்திரமாக வைக்கச் சொல்வதும் கேட்டன. அப்புறம் வயதான பெண் குரல், மிக அருகில்:

“மாப்ள, நேரா பாத்துறாதீய!”

“இல்ல அத்தை, கிண்ணத்தத்தான் பாக்கேன்.”

நான் மூட ஆரம்பித்தேன். மின்னுவதை மூடினேன். அலறுவதை மூடினேன். குரங்கு ஜன்னலின் மூலையில் இருந்த பெருக்கல் குறியை அழுத்தினேன். அது குறி இல்லை, குறி மாதிரி வரைந்த படம். அழுத்தியதும் மூன்று புதிய ஜன்னல்கள் திறந்தன. அவர் செய்ததையே நானும் செய்திருந்தேன். மண்டிக்காரர் என் காதருகே, “படிச்சவங்களும் ஓகே அடிப்பாங்க போல” என்றார்.

அதே சமயம் கிண்ணத்துக்காரர் கத்தினார்.

“தெரியுது! அண்ணாச்சி, தெரியுது!” உடனே குரல் மாறியது. “என்ன இது, நாப்பத்தஞ்சு நாள்லயே மூக்குத்தி குத்திட்டாவளா?”

நிமிர்ந்து பார்த்தேன். நடுத்திரையில் புதிதாகத் திறந்த ஜன்னலில், பட்டுப்புடவை கட்டி மூக்குத்தி போட்ட இளம்பெண் ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள்.

“அது உங்க மக இல்லய்யா. வரன் பாக்குற விளம்பரம்.”

“புள்ளையப் பாக்கச் சொன்னா இவரு ரெண்டாங் கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்குறாரு” என்றார் மண்டிக்காரர்.

“யாருங்க அங்க பொண்ணு?” என்றது மனைவியின் குரல்.

“பொண்ணு இல்லட்டி, விளம்பரம்! விளம்பரம்!”

நான் மூக்குத்திப் பெண்ணை மூடினேன். இந்த முறை உண்மையான பெருக்கல் குறி. ஆனால் கிண்ணத்துக்காரருக்குக் கவலை வந்துவிட்டது. குனிந்தபடியே கேட்டார்: “அத்தை, எண்ணெயில மொத மொகம் வேற மொகமா ஆயிட்டு. இது செல்லுமா?”

“அது போட்டோப்பா, அது கணக்கில்ல” என்றார் மேடம்.

“அப்ப புள்ள மட்டும் என்ன, அதுவும் போட்டோ மாதிரிதானே வருது” என்றார் மண்டிக்காரர்.

தீர்ப்பு தென்காசியிலிருந்து, அத்தையின் குரலில் வந்தது. “எவ மொகத்தையும் பாத்துட்டுப் போறாரு. தோசம் புள்ள மொகத்துக்குத்தான். சீக்கிரம் பாக்கச் சொல்லுங்க, பஸ்ஸ எடுத்துருவான்.”

எனக்குள் ஒரு பரபரப்பு பிடித்துக்கொண்டது. நான் மூட மூட அவை வந்தன. ஒவ்வொரு ஜன்னலுக்கும் இடையில் ஒரு கண்ணிமைப்பு நேரம் மெசஞ்சரின் சிறு கட்டம் தெரியும், அதில் ஏதோ ஒரு மடி, ஒரு துணி, அசைந்து நிற்கும், உடனே மறையும். உள்ளங்கை வியர்த்து மவுஸ் வழுக்கியது. கிண்ணத்துக்காரர் தான் எண்ணெயில் கண்டதை எல்லாம் ஓட்டப்பந்தய வர்ணனை மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தார். “மஞ்சள் வந்துட்டு... போயிட்டு... இப்ப குரங்கு... துணி மாதிரி ஒண்ணு... போயிட்டு.” எண்ணெயில் படம் தலைகீழாக விழும், எழுத்துகளும் தலைகீழாகத்தான் தெரியும். ஓகே என்பதன் இரண்டு ஆங்கில எழுத்துகள் மட்டும் தலைகீழாக விழுந்தாலும் அப்படியே இருந்தன. அவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

“ஓகே கேக்குது அண்ணாச்சி. அடிச்சிரவா?”

“பேட! பேட!” என்று மேடம் அலறினார். வேண்டாம் என்று சொல்ல அவசரத்தில் அவருக்குக் கன்னடம்தான் வந்தது. கிண்ணத்துக்காரரின் கையைப் பிடித்துக் கீபோர்டிலிருந்து விலக்கினார்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். விளம்பரங்கள் எல்லாம் ஒரே இடங்களில் திறந்தன. சில இடது மேல்மூலையில், மற்றவை நடுவில். திரையின் வலது கீழ்மூலைக்கு ஒன்றுகூட வரவில்லை. நாளிதழ்ப் பக்கம் போடுவதைப் பார்த்திருக்கிறேன். முதலில் விளம்பரங்களுக்கு இடம் ஒதுக்குவார்கள். மீதி உள்ள இடத்தில்தான் செய்தி. விளம்பரத்தை எடுத்துவிட்டுச் செய்தி போட்ட பக்கத்தை நான் பார்த்ததே இல்லை. நான் இவ்வளவு நேரம் செய்துகொண்டிருந்தது அதைத்தான்.

மூடுவதை நிறுத்தினேன்.

“என்னா சார் கைய எடுத்துட்டீங்க?” என்றார் மேடம்.

அடுத்த முறை மெசஞ்சர் கட்டம் கண்ணில் பட்டதும், அதன் தலைப்பட்டையைப் பிடித்து இழுத்து, வலது கீழ்மூலையில் கொண்டுபோய் வைத்தேன். ஒரு ஜன்னல் திறந்தது, நடுவில். இன்னொன்று, இடது மேல்மூலையில். மூன்றாவதாக மூக்குத்திப் பெண் மறுபடி வந்தாள், அதே நடுவில். மூலைக் கட்டம் அப்படியே இருந்தது. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கட்டம், அதற்குள் ஒரு மடி, ஒரு வெள்ளைத் துணிச்சுருள்.

“கிண்ணத்த வலப்பக்கம் தள்ளுங்க. இன்னும். இன்னும் கொஞ்சம். திரையை ஒட்டி.”

அவர் கிண்ணத்தை இரண்டு கைகளாலும் பிடித்து நகர்த்தினார். எண்ணெய் ஆடியது. மூலையில் இருந்த வெளிச்சம் எண்ணெயில் நெளிந்து, பல துண்டாகி, மெல்ல ஒன்றுசேர்ந்தது. மண்டிக்காரர்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பக்கம் மனைவி துணியை விலக்கியிருக்க வேண்டும். படம் தத்தித் தத்தித்தான் வந்தது. முதலில் ஒரு காது. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு முழு முகம்: மூடிய கண்கள், கன்னத்தில் பெரிய மைப்பொட்டு, மேலுதடு கொஞ்சம் தூக்கியபடி.

நான் திரையில் பார்த்தேன். அவர் எண்ணெயில் பார்த்தார்.

மேலே நடுத்திரையில் பத்து லட்சமாவது பார்வையாளருக்கு வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதன் சிவப்பும் மஞ்சளும் அவருடைய நெற்றியில் மாறி மாறி விழுந்தன. அவர் கிண்ணத்தின் மேல் அப்படியே கவிந்திருந்தார். வர்ணனை நின்றுபோயிருந்தது.

“தெரியுதாங்க?” என்றார் மனைவி.

அவர் கிண்ணத்தின் மேல் இன்னும் தாழக் குனிந்தார்.

“ஏங்க?”

“எங்கம்மா மூக்கு” என்றார் அவர். பிறகு கொஞ்சம் சத்தமாக, “எங்கம்மா மூக்கு அப்பிடியே இருக்குட்டி.”

“எண்ணெயிலதானே பாத்தாரு?” அத்தையின் குரல். “சாட்சி யாரும் இருக்காவளா?”

“பாத்துட்டாரு!” என்று மேடம் கத்தினார். “பாத்துட்டாரும்மா, எண்ணெயிலதான்!” என்றார் மண்டிக்காரர். நானும் கத்தியிருக்கிறேன். தொண்டை வறண்டு போயிருந்ததை வைத்துத்தான் அது பிறகு தெரிந்தது. கீழே டீக்கடையிலிருந்து யாரோ மாடியைப் பார்த்து என்ன என்று கேட்டார்கள்.

“அப்ப இனிமே நேரா பாக்கலாம் மாப்ள” என்றார் அத்தை.

அவர் உடனே நிமிரவில்லை. முகம் நனைந்திருந்தது. சட்டைக் கையால் துடைக்கப் போனவர், கையில் எண்ணெய் இருந்ததைப் பார்த்துவிட்டு, தோளை உயர்த்தி அதில் துடைத்துக்கொண்டார். மேடம் ஒரு பழைய துணியை நீட்டினார். அதை வாங்கி விரல்களைத் துடைத்தார். ஸ்பீக்கரில் நீளமாக ஒரு ஹாரன் கேட்டது. யாரோ ஓடும் சத்தம், “பையை எடு, பையை எடு” என்று அத்தை, அதற்குமேல் பேச்சு எதுவும் புரியவில்லை.

அவர் நிமிர்ந்து, திரையை நேராகப் பார்த்தார். விளம்பரங்களைத் தாண்டி அவர் கண் மூலைக்குப் போகச் சற்று நேரம் ஆனது. நான் விரலால் காட்டினேன்.

கட்டத்தில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. அதன் கைப்பிடியில் சின்ன வெள்ளைத் துணி ஒன்று தொங்கியது.

“பஸ் வந்துட்டு போல” என்றார்.

“ஆமா.”

“துணிய விட்டுட்டுப் போயிட்டாவ.” கொஞ்சம் சிரித்தார். 

மேடம் விளக்கைப் போடப் போனவர் போடாமல் நின்றார். மண்டிக்காரர் தன் தடுப்புக்குப் போய், சத்தம் வராமல் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அந்தப் பக்கத்துக் கடைக்காரர் கேமராவை அணைக்க மறந்திருந்தார். நாற்காலி தெரிந்துகொண்டே இருந்தது. இவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நடுத்திரையில் புதிதாக ஒன்று திறந்து ஓகே கேட்டது. அவர் அதைத் தொடவில்லை. பிறகு ஒரு கை வந்து துணியை எடுத்தது, கட்டம் கறுத்தது.

நான் என் வழக்கமான தடுப்புக்கு வந்து செய்தியைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்தேன். மவுஸ் பிடித்த கையில் எப்படியோ எண்ணெய் பட்டிருந்தது. இரண்டு முறை துடைத்தேன். அவர் மேடத்திடம் ஒரு பிளாஸ்டிக் கவர் கேட்டு வாங்கி, கிண்ணத்தின் வாயில் கட்டினார். முகம் பார்த்த எண்ணெயை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாதாம், கோயில் விளக்கில்தான் ஊற்ற வேண்டுமாம்.

“இப்பவே போறீங்களா?” என்று கேட்டேன்.

“இப்பவே போயிருதேன் அண்ணாச்சி.”

கிண்ணத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகப் பார்த்துப் பார்த்து இறங்கினார். மூன்றரை ஆகியிருந்தது. ஓசூர் மலைக்கோயில் நடை நான்கரைக்குத்தான் திறப்பார்கள்.